சிவப்பு அட்டை யாருக்கு?

காற்பந்து ஆட்டக்காரன் ஒருவன் தவறிழைத்தான் என்னும் செய்தி நாளேட்டில் வந்த மறுநாள், ஜொகூர் பாருவின் உணவுக்கடைகளிலும் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளிலும் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது. அவனை வாழ்நாள் முழுவதும் திடலில் கால்வைக்க விடக்கூடாது என்பதே அத்தீர்ப்பு. நடுவரைப் பிடித்துத் தள்ளியவனாயினும், எதிரணியாளன் முகத்தில் உமிழ்ந்தவனாயினும், ஆட்டத்தைப் புக்கியிடம் விலைபேசியவனாயினும் வேறுபாடு கிடையாது. தேநீர்க் குவளை காலியாவதற்குள் விசாரணை முடிந்துவிடும், தண்டனையும் நிறைவேறிவிடும். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டொழுங்கு ஏது? பள்ளிக்கூடத்தில் என்றைக்கு ரோத்தானைக் கீழே வைத்தார்களோ, அன்றே தொடங்கியது இந்தக் கேடு’ என்று ஒரு பின்னுரையும் உடன் சேரும்.

இத்தீர்ப்பு கடுமையானது என்பதற்காக அதனை எதிர்க்க வேண்டியதில்லை. கடுமை வேண்டிய இடத்தில் கடுமை வேண்டுவதுதான். அது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே குறை. பந்தை உதைத்தவனோடு முடிந்து, அவனை ஏவியவனையும் அவனுக்குக் கூலி கொடுக்காதவனையும் அவன் பெயரால் தாளில் பொய் எழுதியவனையும் தொடாமல் விட்டுவிடும் ஒரு முறைக்குக் கட்டொழுங்கு என்று பெயரிடுவது தமிழுக்கும் நேர்மை ஆகாது. அதற்குப் பலி என்னும் பழைய சொல் இருக்கிறது.

மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எங்கிருந்து வந்தன என்பதை மாணவர் பலர் அறியார். அவற்றைக் கண்டவர் ஓர் ஆசிரியர். கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்துகொண்டே உலகறிந்த நடுவராகவும் விளங்கினார். 1962ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் சிலி நாடும் இத்தாலியும் சந்தியாகோ நகரில் மோதிய ஆட்டத்திற்கு அவரே நடுவர். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் குத்தியும் உதைத்தும் கொண்ட அந்த ஆட்டம் ‘சந்தியாகோ போர்’ என்றே இன்றும் குறிக்கப்படுகிறது. நான்காண்டுகள் கழித்து, 1966இல், வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜெண்டினாவும் ஆடிய காலிறுதியில் அர்ஜெண்டினாவின் தலைவர் ரத்தீன் வெளியேற்றப்பட்டார். நடுவர் ஜெர்மானியர், அவர் பேசியது ரத்தீனுக்கு விளங்கவில்லை, ரத்தீன் பேசியது அவருக்கு விளங்கவில்லை. ரத்தீன் திடலை விட்டுப் போக மறுத்து நின்றார். அப்போது உலகக் கிண்ண நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த ஆஸ்டன், அந்தக் குழப்பத்தை எண்ணியபடியே இலண்டன் தெருவில் காரோட்டிச் சென்றபோது சாலை விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. மொழி தெரியாதவனுக்கும் விளங்கும் தண்டனை அந்தச் சாலை விளக்கிலிருந்து பிறந்தது. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. உலகக் கிண்ணத்தில் முதல் சிவப்பு அட்டையை 1974இல் சிலி நாட்டின் கார்லோஸ் காஸ்ஸெலி பெற்றார்.

வகுப்பறையில் பழகிய ஒருவருக்கே இத்தகைய எண்ணம் தோன்ற முடியும். அட்டையின் சிறப்பு அதன் நிறத்தில் இல்லை. குற்றம் நிகழ்ந்த அந்த நொடியிலேயே, நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்க, தலைக்கு மேலே உயர்த்திக் காட்டப்படுகிறது. எதற்காகக் காட்டப்படும் என்பது ஆட்டம் தொடங்குமுன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அணித்தலைவனுக்கும் புதிதாய் வந்த பையனுக்கும் அது ஒரே அட்டைதான். மஞ்சள் பெற்றவன் திருந்துவதற்கு அந்த ஆட்டத்திலேயே இடம் உண்டு. சிவப்புப் பெற்றவனும் சில ஆட்டங்கள் கழித்துத் திரும்பி வரலாம். நடுவர் தவறலாம், தவறுவதும் உண்டு. ஆயினும் அவர் தவறினார் என்பதையும் அதே நாற்பதாயிரம் பேர் பார்த்துவிடுகிறார்கள்.

திடலுக்குள் இருக்கும் இந்த நேர்மை, சங்க அலுவலகத்தின் படியேறும்போது காணாமற் போகிறது. அங்கே கதவு சாத்தியிருக்கும். விதி ஆளுக்கு ஏற்றவாறு நீளும், சுருங்கும். தீர்ப்பு எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. வந்த பின்னும் காரணம் தெரியாது.

மலேசியக் காற்பந்து அரைத் தொழில்முறை நிலையிலிருந்து முழுத் தொழில்முறை நிலைக்கு மாறிய ஆண்டு 1994. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு பிழைக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்த அதே பருவத்தில்தான் ஆட்டங்கள் விற்கப்பட்டன என்னும் அதிர்ச்சியும் வெளிவந்தது. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் பதவி நீக்கப்பட்டனர். சிலர் நீதிமன்றத்தின் படியைக்கூட மிதிக்காமல், வாழிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பிறந்த ஊரையும் பெற்றோரையும் விட்டு வேறு மாவட்டங்களில் வாழுமாறு அனுப்பப்பட்டனர். 1933ஆம் ஆண்டில் வெள்ளையராட்சி இயற்றிய சட்டம் அது. குண்டர்களையும் கள்ளக் கடத்தல்காரர்களையும் ஊரைவிட்டு அகற்றி வைக்கப் பயன்பட்ட அச்சட்டம் பந்தாட்டக்காரர் மீது பாய்ந்தது. அது 2011இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன்கீழ் இளமையைத் தொலைத்தவர்களுக்கு அந்த நீக்கத்தால் என்ன பயன்?

அதே அலை சிங்கப்பூரிலும் அடித்தது. ஜொகூர் இரசிகர்கள் மறக்க முடியாத ஓர் ஆட்டக்காரர் அப்பாஸ் சாஅட். ஆஸ்திரேலியரான அவர், 1991இல் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற ஜொகூர் அணியில் ஆடியவர். லார்க்கின் திடலில் அவர் பெயரைக் கூவாத தொண்டை அந்நாளில் இல்லை. பின்னர்ச் சிங்கப்பூர் அணிக்குச் சென்று, 1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். மறு ஆண்டே, 1995இல், ஆட்டத்தைக் கட்டிய வழக்கில் சிங்கப்பூர் நீதிமன்றம் அவருக்கு 50,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது; சிங்கப்பூர்ச் சங்கம் வாழ்நாள் தடை விதித்தது. அதே அணியின் செக் நாட்டு ஆட்டக்காரர் மிஹால் வானா கைதாகிப் பிணையில் வெளிவந்து, நாட்டை விட்டே தப்பினார். ஒருவர் நின்று தண்டனையை ஏற்றார், ஒருவர் ஓடினார். இருவர் பெயரும் ஊரறியும். இந்த ஆட்டங்களின்மீது கட்டப்பட்ட பெரும்பணம் யாருடைய பெட்டிக்குப் போயிற்று என்று கேட்டால், அந்நாளைய இரசிகர்களில் ஒருவரும் ஒரு பெயரும் சொல்லார்.

சிலப்பதிகாரம் பயின்ற மாணவனுக்கு இந்தக் காட்சி புதிதன்று. சிலம்பைக் களவாடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். வெட்டுண்டவன் கோவலன். அரசன் தீயவன் அல்லன். விசாரிக்க நேரமில்லாதவன், அவ்வளவுதான். ஒப்புமையை எல்லை கடந்து நீட்டக்கூடாது. கோவலன் கள்வன் அல்லன். 1994இல் பிடிபட்டவர்களில் பலர் கையில் காசு வாங்கியவர்கள். தம்மை நம்பி நுழைவுச்சீட்டு வாங்கி, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தோட்டத் தொழிலாளியை ஏமாற்றியவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. ஆனால், கோவலன் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்திருந்தாலும் பொற்கொல்லன் அரண்மனையில் நிலைத்திருப்பது நீதியாகிவிடுமா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

பொற்கொல்லர் நிலைத்திருந்தனர் என்பதற்குச் சான்று பதினாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 2011ஆம் ஆண்டு பின்லாந்தின் வடகோடியில், பனி மூடிய ரோவனியெமி நகரில், ஆட்டம் கட்டிய குற்றத்திற்காக ஒருவர் பிடிபட்டு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் வில்சன் ராஜ் பெருமாள், சிங்கப்பூர்த் தமிழர். ஜொகூர்ப் பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஆட்டக்காரர்களை நாடு கடத்துவதுபோல் ஊர் கடத்திவிட்டு நோய் தீர்ந்தது என்று எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தபோது, பாலத்தின் மறுபக்கத்திலிருந்து கிளம்பிய தரகு வாணிகம் துருவம் வரை போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பின்லாந்து வழக்கில் சிக்கியவர்களில் பலர் ஆப்பிரிக்காவின் சாம்பியாவிலிருந்து பிழைக்கப் போன ஏழை ஆட்டக்காரர்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு இத்தாலி ஒரு பாடம். 1980இல் அங்கும் ஆட்டம் விற்ற ஊழல் வெடித்தது. ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டனர். அதனோடு நில்லாமல், ஏசி மிலான், லாசியோ என்னும் இரு பெருங்கிளப்புகள் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. மிலான் கிளப்பின் தலைவரும் தடைக்கு உள்ளானார். தண்டனை பெற்ற ஆட்டக்காரருள் பாவுலோ ரோஸ்ஸி ஒருவர். தாம் குற்றமற்றவர் என்றே அவர் இறுதிவரை கூறிவந்தார். அவருக்கு விதித்த மூன்றாண்டுத் தடை இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. 1982இல் திரும்பி வந்து, அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில் ஆறு கோல்கள் அடித்து இத்தாலிக்குக் கிண்ணத்தையே வாங்கிக் கொடுத்தார். 2006இல் அதே நாட்டில் மற்றோர் ஊழல் வெளிவந்தபோது, நடுவர் நியமனத்தில் கைவைத்த நிர்வாகிகளைத் தேடிப் பிடித்தார்கள். யுவெந்துஸ் கிளப் பட்டங்களை இழந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. அதன் நிர்வாகி மொஜ்ஜி முதலில் ஐந்தாண்டும் பின்னர் வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டார். இத்தாலியரிடம் ஊழல் ஒழிந்ததா என்றால் இல்லை. மேலே இருப்பவனுக்கும் அட்டை உண்டு என்பதை மட்டும் அந்நாட்டுச் சிறுவன் கண்ணால் கண்டான்.

1995ஆம் ஆண்டைப் பற்றி இன்னொன்று. மலேசிய ஆட்டக்காரர்கள் ஊர் கடத்தப்பட்ட அதே ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், மான்செஸ்டர் யுனைட்டெட்டின் எரிக் கந்தோனா சிவப்பு அட்டை பெற்று வெளியேறும்போது, தம்மை ஏசிய பார்வையாளர் ஒருவரைத் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். உலகமே பார்த்த அடாத செயல் அது. கீழ்நீதிமன்றம் இருவாரச் சிறை என்றது. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூகத் தொண்டாக மாற்றப்பட்டது. எட்டு மாதம் ஆடத் தடை. அந்தச் சமூகத் தொண்டை அவர் எப்படி ஆற்றினார்? சிறுவர்களுக்குக் காற்பந்து கற்றுக் கொடுத்து! தவறிழைத்தவனைத் திடலுக்கு அப்பால் துரத்தாமல், தான் செய்த தவறை நாளை செய்யக்கூடிய பிள்ளைகளின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மறு பருவம் அவருடைய அணி லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது. அவர் புகழ்பெற்றவர் என்பதால் தப்பினார் என்பாரும் உளர். அந்தக் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அந்தச் சலுகை புகழ் இல்லாதவனுக்கும் கிடைக்கட்டும் என்பதே இங்கு வாதம்.

இனி, வீட்டுக்கு அருகே வருவோம். 2012இல் நெகிரி செம்பிலானின் இளையோர் அணியைச் சேர்ந்த 18 பேருக்கு ஆட்டம் விற்றதற்காக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தடை விதிக்கப்பட்டது. பயிற்றுநருக்கு வாழ்நாள் தடை. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் அணி அது. பள்ளிச் சீருடையைக் கழற்றி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன பிள்ளைகள். வழிகாட்ட வந்தவனுக்கு மிகுதியும் வழிநடந்தவனுக்குக் குறைவுமாக அளந்து வழங்கப்பட்ட அத்தீர்ப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தடைக்காலம் முடிந்தபின் அந்தப் பதினெட்டுப் பேருக்கு என்ன வழி வைத்திருந்தார்கள்? இருபது வயதில் ஐந்தாண்டு இழந்த ஆட்டக்காரனுக்கு அதன்பின் கால்கள் இருக்கும், கிளப் இருக்காது.

2017இல் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணியைச் சேர்ந்த ஆட்டக்காரர் சிலரை ஊழல் தடுப்பு ஆணையம் பிடித்தது. ஆறுமுகம் கோல் காத்த நாட்டில், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் சந்திரன் தலைமையேற்ற நாட்டில், 2010இல் ராஜகோபால் பயிற்றுவித்த அணி தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த நாட்டில், இந்திய இளைஞர்களுக்கென்று அரும்பாடுபட்டு அமைத்த அணி அது. சமுதாயம் வெட்கித் தலைகுனிந்தது. ‘பெயரைக் கெடுத்துவிட்டான்கள்’ என்பதே எங்கும் பேச்சு. ‘அவன்களுக்கு ஏன் அந்த நிலை?’ என்று கேட்டவர் மிகச் சிலர். இனத்தின் மானத்தை இருபத்திரண்டு வயதுப் பையனின் காலில் கட்டிவிடுவது எளிது. அவன் ஒப்பந்தத்தை ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்ப்பதற்கு அக்கறை வேண்டும்.

கூலிக் கேள்வியைத் தொடாமல் கட்டொழுங்கு பேசுவோர் பாதி உண்மையைத்தான் பேசுகின்றனர். உலகத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒன்றியமான ஃபிஃப்ப்ரோ 2016இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துக் கூறிய ஆட்டக்காரருள் 41 விழுக்காட்டினர் முந்தைய இரு பருவங்களில் சம்பளம் காலந்தாழ்ந்து பெற்றவர்கள். மலேசியாவின் நிலை அதைவிட மேலானது என்று சொல்ல எவர்க்கும் துணிவு வராது. ஜொகூருக்கு அண்டை மாநிலமான மலாக்காவின் மலாக்கா யுனைட்டெட் கிளப்பும், சரவாக் யுனைட்டெட் கிளப்பும் சம்பள பாக்கியால் 2023 பருவத்துக்கு உரிமம் இழந்தன. 2025இல் பேராக், ஸ்ரீ பகாங் கிளப்புகள் சூப்பர் லீக்கை விட்டே விலகின. மூன்று மாதம் சம்பளம் வராத ஆட்டக்காரனின் வீட்டுக் கதவை முதலில் தட்டுபவர் யார்? சங்கத் தலைவர் அல்லர். புக்கியின் ஆள்தான் தட்டுகிறான். கையில் உறையோடு தட்டுகிறான். உறையை வாங்கியவன் குற்றவாளி. ஐயமே இல்லை. மூன்று மாதம் சம்பளம் தராமல் ஆடவைத்து, நுழைவுச்சீட்டுப் பணத்தை மட்டும் எண்ணியவர் யார் என்பதையும் அதே குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டாமா? ஆட்டக்காரன் செய்தால் ஒழுக்கக்கேடு என்றும், நிர்வாகி செய்தால் நிதி நெருக்கடி என்றும் பெயர் மாறிவிடுகிறது. தமிழில் சொல்வளம் இருக்க வேண்டியதுதான், இதற்காக அன்று.

ஜொகூர்க்காரர் இந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்தலாம். ஜொகூர் டாருல் தாக்சிம் கிளப் 2014 தொடங்கி 2025 வரை தொடர்ந்து பதினொரு முறை சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2015 அக்டோபர் 31ஆம் நாள் தாஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் ஆசியச் சம்மேளனக் கிண்ணத்தை வென்று, தென்கிழக்காசியாவில் அக்கிண்ணம் பெற்ற முதல் கிளப் ஆயிற்று. அந்நாளைய அணியில் சு. குணாளன் போன்ற நம்மவரும் இருந்தனர். 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் நாற்பதாயிரம் பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கமும் எழுந்தது. பெருமைக்கு உரியவைதாம். ஆனால் பெருமை, கேள்வியிலிருந்து விடுமுறை தருவதில்லை.

2025 ஜூன் 10ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா வியட்நாமை 4-0 என்ற கணக்கில் வென்றபோது நாடே குதூகலித்தது. செப்டம்பர் 26ஆம் நாள் அந்தக் குதூகலம் நாணமாக மாறிற்று. புதிதாகக் குடியுரிமை பெற்று மலேசியாவுக்கு ஆடிய எழுவருக்காகக் கொடுக்கப்பட்ட ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபாவின் கட்டொழுங்குக் குழு கண்டது. அவர்களுடைய பாட்டனோ பாட்டியோ மலேசிய மண்ணில் பிறந்தவர் என்று தாள்கள் கூறின; மூலப் பதிவேடுகளோ அர்ஜெண்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று கூறின. ஒரு பாட்டியின் பிறப்பிடம் ஜொகூர் என்றே எழுதப்பட்டிருந்தது! எழுவரில் மூவர் அப்போது ஜொகூர் கிளப்பின் ஆட்டக்காரர். சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் பன்னிரண்டு மாதத் தடையும். மேல்முறையீடு நவம்பரில் தள்ளப்பட்டது.

இத்தண்டனையில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரன் தன் வாழ்நாளிலிருந்து ஓராண்டைக் கொடுத்தான். சங்கம் காசைக் கொடுத்தது. முப்பது வயது ஆட்டக்காரனுக்கு ஓராண்டு என்பது எஞ்சியுள்ள தொழிலில் கால்பங்கு. தாங்கள் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை முழுமையாகப் படிக்கவில்லை என்று ஆட்டக்காரர் தரப்பில் கூறப்பட்டதாகத் தீர்ப்பின் விளக்கம் காட்டுகிறது. படியாமல் ஒப்பமிட்டது குற்றமே. ஆனால் அந்தத் தாளைத் தட்டச்சு செய்த கை ஒன்று, நீட்டிய கை ஒன்று, சரிபார்த்ததாகச் சொன்ன கை ஒன்று இருக்கின்றன. ஆட்டக்காரர் எழுவரின் பெயரையும் படத்தையும் உலக நாளேடுகள் வெளியிட்ட அந்தச் செப்டம்பர் நாளில், அந்தக் கைகளில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. மேல்முறையீட்டுக் குழுவே சங்கத்தின் உள்நடப்புகளை விசாரிக்க வேண்டும் என்று பணிக்கும் நிலை வந்தது. அந்தப் பணிப்பு முதல் நாளே வந்திருக்க வேண்டியது.

தமிழாசிரியர்களுக்கு இந்த நிகழ்ச்சி வேறொரு வகையிலும் சுடும். இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டுப் பாலைக் குடித்து, தாய்தந்தையர் திருமணம் பதிவாகவில்லை என்பதாலோ பத்திரம் தொலைந்தது என்பதாலோ குடியுரிமையின்றி நிற்கும் இந்தியப் பிள்ளைகளைக் காணாத தலைமையாசிரியர் அரியர். சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து மறைந்த தோட்டத்துப் பாட்டிமார் எத்தனை பேர்! தோட்டத்து மருத்துவமனையில் உண்மையாகவே பிறந்தவள் பேரனுக்கு இல்லாத தாள், கடல் கடந்து பிறந்தவள் பேரனுக்குச் சில மாதங்களில் கிடைத்தது. அந்த ஆட்டக்காரர்மேல் சினங்கொள்வதில் பொருளில்லை. அவர்கள் கதவைத் தட்டவில்லை. கதவு அவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது.

திருக்குறளில் ஒழுக்கமுடைமை பதினான்காம் அதிகாரம். காலைச் சபைகூடலில் அதிலிருந்து ஒரு குறளைச் சொல்லாத தமிழ்ப்பள்ளி இருக்காது. செங்கோன்மை ஐம்பத்தைந்தாம் அதிகாரம், கொடுங்கோன்மை அதற்கடுத்தது, தண்டிப்பவன் அஞ்சத்தக்க வகையில் தண்டித்தலாகாது என்பதற்கென வெருவந்த செய்யாமை ஐம்பத்தேழாவது. மாணவனுக்கு முதலாவதை மனப்பாடம் செய்விக்கும் சமுதாயம், சங்கங்களின் தலைவர்களுக்கு ஏனைய மூன்றையும் எடுத்துச் சொல்லத் தயங்குகிறது. மாலை போட்டு மேடையில் அமர்த்திய பின் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் போலும்.

பழியைச் சங்கங்களின்மேல் மட்டும் சுமத்திவிட்டு ஆசிரியர் சமுதாயம் கைகழுவிக்கொள்ளவும் முடியாது. மாவட்டப் பள்ளிப் போட்டிகளின்போது எல்லைக்கோட்டருகே நின்று பார்த்தால் போதும். ‘பந்து போனாலும் ஆள் போகக்கூடாது’ என்று பத்து வயதுப் பையனிடம் கத்தும் பொறுப்பாசிரியரின் குரல் கேட்கும். தங்கள் பையன் பெனால்டி எல்லைக்குள் தானாக விழுந்து உருண்டால் சாமர்த்தியம். எதிர்ப்பள்ளிப் பையன் விழுந்தால் நடிப்பு. நடுவராக வந்த சக ஆசிரியரைச் சூழ்ந்துகொண்டு வாதாடுவது மாணவர் அல்லர், பெரியவர்கள். அந்தப் பையன் பத்தாண்டு கழித்துத் தொழில்முறைத் திடலில் நடுவரைத் தள்ளும்போது, ‘இவனுக்கு யார் இதைக் கற்றுக் கொடுத்தது?’ என்று ஆசிரியர் அறையில் வியப்பது வேடிக்கை. 2024 முதல் அணித்தலைவர் ஒருவரே நடுவரிடம் பேசலாம் என்னும் வழிமுறையைப் போட்டி நடத்துவோர் ஏற்கலாம் என்று காற்பந்து விதிக்குழு வகுத்திருக்கிறது. அதைத் தமிழ்ப்பள்ளிப் போட்டிகளில் நடைமுறைப்படுத்த எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை. பொறுப்பாசிரியர் தம் வாயை மூடிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தவறிழைத்த மாணவனை அணியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்புவது ரோத்தானைவிட மேலான முறையன்று. அடுத்த ஆட்டத்தில் அவன் கையில் எல்லைக்கொடியைக் கொடுத்துக் கோட்டருகே ஓடவிட வேண்டும். தன் தோழனே தன்னைப் பார்த்து ‘எப்படி அது ஆஃப்சைடு?’ என்று சீறும்போது, நடுவர் படும்பாடு அவனுக்கு விளங்கும். கந்தோனாவுக்கு 120 மணி நேரத்தில் ஏற்பட்ட விளக்கம் இவனுக்கு முப்பது நிமிடத்தில் ஏற்படக்கூடும்.

மூத்த மாணவர்களுக்கு இன்னொரு பயிற்சியும் வேண்டும். மாநில இளையோர் அணிகளுக்குத் தெரிவாகும் தமிழ்ப்பிள்ளைகளின் முன் வைக்கப்படும் ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். சம்பளம் எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாரிடம் முறையிடலாம், காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, எந்தச் செயலுக்கு எவ்வளவு தண்டனை என்பவை அந்தத் தாளில் எங்கோ எழுதப்பட்டிருக்கும். தகப்பன் அதைப் பார்த்து மலைப்பார். பையன் பேனாவைத் தேடுவான். இத்தகைய தாள் ஒன்றை வகுப்பில் வைத்து, வரி வரியாகப் படித்து, விளங்காத இடத்தில் கோடிடச் சொல்லிக் கொடுப்பதற்கு மொழிப்பாட வேளையிலேயே இடம் உண்டு. இந்நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென ஒரு சங்கம் இருக்கிறது என்பதையும், சம்பளம் வராத ஆட்டக்காரன் புக்கியிடம் போகாமல் அங்கே போகலாம் என்பதையும் பதினாறு வயதிலேயே அறிந்தவன், உறையோடு வருபவனிடம் கதவைச் சாத்தக்கூடும்.

சங்கங்களிடம் கேட்க வேண்டியதும் பெரிதன்று. திடலில் நடுவர் அட்டையை மறைத்துக் காட்டுவதில்லை. கட்டொழுங்குக் குழு கூடினால், யார்மேல் என்ன குற்றச்சாட்டு, என்ன சான்று, என்ன தீர்ப்பு, ஏன் என்று நான்கு வரி எழுதி வெளியிடட்டும். ஆட்டக்காரன் பெயர் எந்தத் தாளில் வருகிறதோ, அவனுக்குச் சம்பளம் தரவேண்டியவர், அவனுடைய தாளைச் சரிபார்க்க வேண்டியவர், அவனுக்குப் பயிற்சி தந்தவர் ஆகியோரின் பெயரும் அதே தாளில், அதே அளவு எழுத்தில் வரட்டும். அவர்கள் குற்றமற்றவர்கள் என்றால் அதையும் அங்கேயே எழுதிவிடலாம்.